பார்க்கப்படுபவரின் பக்கத்திலிருந்து: இருப்பிடம் பகிரும் செயலியின் இடைமுகத்தை மதிப்பிடும் முறை

தைப்பூசத்தன்று எங்கள் குடும்பம் நான்கு இடங்களில் பிரிந்து நிற்கும். காவடி எடுப்பவர்கள் மொரிசியஸ் தீவின் குவாத்ரே போர்ன் நகரில் கோர் தே கார்த் மலையடிவாரத்துக் கோயிலை நோக்கி வெறுங்காலோடு நடந்து வருவார்கள், தண்ணீரும் எலுமிச்சம்பழமும் ஏற்றிய வண்டியோடு இளைஞர்கள் பின்னால் ஊர்ந்து வருவார்கள், பெரியம்மாவும் மற்றவர்களும் கோயில் வாசலில் காத்திருப்பார்கள், நடக்க இயலாத பாட்டி ரோஸ் ஹில் வீட்டிலிருந்தபடி "இப்போது எதுவரை வந்திருக்கிறார்கள்?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த ஒரு கேள்விக்கு விடை தரத்தான் சில ஆண்டுகளாக இருப்பிடம் பகிரும் செயலியை நாடுகிறோம். எல்லோருடைய கைபேசியிலும் ஒன்றை ஏற்றச் சொல்வதற்கு முன் அதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தபோது நான் கடைப்பிடித்த வழியை இங்கே விரித்து எழுதுகிறேன். இடைமுக (திரையும் பொத்தான்களும் அமையும் விதம்) வடிவமைப்பைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இத்தகைய செயலிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பார்ப்பவரின் கண்கொண்டு எழுதப்படுகின்றன. வரைபடம் தெளிவாக இருக்கிறதா, புள்ளி விரைவாக நகர்கிறதா, பிள்ளை பள்ளியை அடைந்ததும் மணி ஒலிக்கிறதா என்பவற்றையே அவை அளக்கின்றன. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் இந்த வகைச் செயலியில் ஒரே திரைக்கு இரு முனைகள் உண்டு: ஒருவர் பார்க்கிறார், மற்றவர் பார்க்கப்படுகிறார். பார்க்கப்படுபவர், தம்மை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறார்கள், எப்போது வரை பார்ப்பார்கள் என்பதை எந்த நொடியிலும் ஒரு பார்வையில் அறிய முடிகிறதா, விரும்பினால் சங்கடமின்றி நிறுத்த முடிகிறதா என்பதே என் மதிப்பீட்டின் நடுக்கேள்வி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் முன்

முதலில், செயலியைத் திறப்பதற்கு முன்பே, யார் எதற்காகப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திறந்த பிறகு எழுதினால், செயலி எவற்றைச் செய்யவல்லதோ அவையே நம் தேவைகளாகத் தோன்றத் தொடங்கிவிடும். நான் எழுதிய பணிகள் ஆறு: ஒருவரோடு மட்டும் இரண்டு மணி நேரத்துக்குப் பகிர்தல், ஊர்வலக் குழு முழுவதோடும் பகிர்தல், யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று கண்டறிதல், ஒருவரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குதல், முற்றாக நிறுத்துதல், கைபேசி பழுதாகி வேறொன்றுக்கு மாறிய பிறகு பழையது இன்னும் பகிர்கிறதா என்று பார்த்தல். கடைசிப் பணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, இரண்டு கைபேசிகளும் இரண்டு கணக்குகளும் தேவை. ஒரே கைபேசியோடு செய்யும் சோதனை பாதிச் சோதனைதான். ஏனெனில் இங்கே "நிறுத்து" என்று அழுத்தியதும் எதிர்முனையில் என்ன தோன்றுகிறது என்பதே பெரும்பாலும் வடிவமைப்பின் உண்மையான முகம். முடிந்தால் ஒன்று சில ஆண்டுகள் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியாகவும் மற்றது ஐஃபோனாகவும் இருக்கட்டும்.

பயனர்களை அழைக்காமல் தேர்ந்தவர்களே இடைமுகத்தைப் பார்த்துக் குறை காணும் நிபுணர் ஆய்வுக்குப் பழகிய அடித்தளம் ஒன்று உண்டு. பயன்பாட்டியல் ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் முன்வைத்து, நீல்சன் 1994-இல் செப்பனிட்ட பத்து நெறிகள் அவை. ஒரே ஆய்வாளர் சராசரியாகக் குறைகளில் 35 விழுக்காட்டைத்தான் கண்டுபிடித்தார் என்பதால் மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியே பார்த்து, பிறகு ஒப்பிட வேண்டும் என்பது நீல்சனின் அறிவுரை. பத்து நெறிகளையும் வரிசையாகச் சரிபார்க்கலாம்; ஆயினும் இருப்பிடச் செயலிக்கு அவற்றுள் மூன்றே பெருஞ்சுமை தாங்குகின்றன என்பது என் அனுபவம்: கணினி தன் நிலையை வெளிப்படையாகக் காட்டுதல், பயனரின் கட்டுப்பாடும் பின்வாங்கும் உரிமையும், பிழை நேராமல் முன்கூட்டியே தடுத்தல்.

அனுமதி கேட்கும் நேரம்

செயலியை முதன்முறை திறந்ததும் கேட்கப்படும் அனுமதியை அவசரமாக அழுத்திவிடாதீர்கள். அந்தத் திரை தோன்றுவதற்கு முன் ஏன் கேட்கிறோம் என்ற விளக்கம் இருந்ததா, அந்த விளக்கம் பயன்படுத்துபவருடைய மொழியில் இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே மறுத்துப் பாருங்கள். நல்ல செயலி, "உங்கள் இடத்தை மற்றவர்கள் காண முடியாது; ஆனால் நீங்கள் அவர்களைக் காணலாம்" என்பதுபோல விளைவைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடரும். மோசமான செயலி அதே வேண்டுகோளை நச்சரித்துக்கொண்டே இருக்கும், அல்லது வெற்றுத் திரையைக் காட்டி நிற்கும்.

இயங்குதளங்கள் இதில் படிப்படியாகக் கடுமையடைந்திருக்கின்றன என்பதை மதிப்பிடுபவர் அறிந்திருக்க வேண்டும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்ற தெரிவைத் தந்தது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 இம்முறை மட்டும் என்பதைச் சேர்த்ததோடு, எப்போதும் அனுமதிப்பதை அமைப்புகள் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, துல்லிய இடமா தோராய இடமா என்று பயனரிடமே கேட்கத் தொடங்கியது. ஐஃபோனில் துல்லிய இடத்தை அணைக்கும் வசதி 2020-இன் ஐஓஎஸ் 14-இல் வந்தது. ஆண்ட்ராய்டில் தோராயம் என்பது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கும். குவாத்ரே போர்னின் நடுவே நிற்பவருக்கு அது சந்தையும் பேருந்து நிலையமும் அடங்கிய ஒரு பெரிய வட்டம். "ஊருக்குள் வந்துவிட்டேன்" என்று சொல்லப் போதும், "இந்த வீட்டில் இருக்கிறேன்" என்று காட்டிக்கொடுக்காது. ஆகவே தோராயத்தைத் தேர்ந்தெடுத்துச் செயலியை ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். தோராய இடத்தையும் கூர்மையான ஒற்றைப் புள்ளியாக வரைபடத்தில் குத்திவைக்கும் செயலி பொய் சொல்கிறது. அது பார்ப்பவரை ஏமாற்றுகிறது, பார்க்கப்படுபவரைத் தேவையற்ற விசாரணைக்கு உள்ளாக்குகிறது.

புள்ளி எவ்வளவு பழையது?

இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டும். நாங்கள் பயன்படுத்திய ஒரு செயலி, ஒரு மாலை நேரத்தில், என் தம்பி குவாத்ரே போர்னிலேயே இருப்பதாக முக்கால் மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அவன் கியூர்பிப்பில் நண்பன் வீட்டில் பேட்டரி தீர்ந்த கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். விபத்தோ என்று அஞ்சிய சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு ஆராய்ந்தபோது, கடைசியாகப் புதுப்பித்த நேரம் புள்ளியைத் தொட்டு, பெயரைத் தொட்டு, மேலே இழுத்தால் மட்டுமே தெரியும்படி ஒளிந்திருந்ததைக் கண்டோம். நேரம் திரையில் எங்கோ இருந்ததனால் செயலி பொய் சொல்லவில்லைதான். ஆனால் பார்த்தவுடன் எழும் எண்ணம் பொய்யாக இருந்தது. இடைமுக மதிப்பீடு அளக்க வேண்டியது அந்த முதல் எண்ணத்தைத்தான்.

எனவே பின்வருமாறு சோதியுங்கள். ஒரு கைபேசியைப் பகிரவிட்டு விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். மற்ற கைபேசியில் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், முப்பது நிமிடம் கழித்து என்ன தோன்றுகிறது என்று திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். புள்ளியின் நிறம் மங்குகிறதா, "12 நிமிடத்துக்கு முன்" என்ற எழுத்து பெயரின் பக்கத்திலேயே நிற்கிறதா, இணைப்பு அறுந்ததும் அவராகவே நிறுத்தியதும் வேறுவேறாகக் காட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். கடைசி வேறுபாட்டைக் காட்டலாமா என்பதில் கருத்து மாறுபாட்டுக்கு இடமுண்டு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினால் நிறுத்தியவருக்கு ஒரு மறைவு கிடைக்கிறது. ஆனால் ஆபத்து நேரத்தில் அதே மறைவு குழப்பமாகிறது. குடும்பச் செயலிக்கு நான் மறைவின் பக்கம் நிற்பேன். மலையேற்றக் குழுவுக்கான செயலிக்கு நில்லேன். உங்கள் முடிவு எதுவாயினும் காரணத்தை எழுதி வையுங்கள்.

துல்லியமும் இதன் உடன்பிறப்பு. திறந்த வானத்தின் கீழ் திறன்பேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் அளவில் பிழைபடும். கட்டடங்களின் இடையிலும் மலையோரத்திலும் அது பெருகும். புள்ளியைச் சுற்றி மங்கலான வட்டம் வரைந்து அதைக் காட்டுவது வழக்கம். ஆனால் அந்த வட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் படிக்கவில்லை. பாட்டி அதைக் கோயில் மதில் என்று எண்ணினார். வட்டம் இருக்கிறது என்பதற்காக மதிப்பெண் தராமல், பார்ப்பவர் அதை என்னவென்று புரிந்துகொள்கிறார் என்று கேட்டுவிட்டுத் தாருங்கள்.

நிறுத்துவதற்கு எத்தனை தொடுதல்?

பகிரத் தொடங்க எத்தனை தொடுதல், நிறுத்த எத்தனை தொடுதல் என்று எண்ணுங்கள். முதலாவது இரண்டாகவும் இரண்டாவது ஆறாகவும் இருந்தால், அந்தச் செயலி யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஊன்றிக் கவனிக்க வேண்டியது கால அளவு. வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடம் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்ற மூன்றையே தருகிறது. எதைத் தேர்ந்தாலும் அது தானே முடிந்துவிடும். ஐஃபோனின் பகிர்வு ஒரு மணி நேரம், இன்றைய நாள் முடியும்வரை, காலவரையின்றி என்று மூன்று வழி காட்டுகிறது. முடிவில்லாத தெரிவு இருப்பதே தவறல்ல. ஆனால் அது முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு நிற்கிறதா, அதைத் தேர்ந்தவருக்குச் சில வாரங்கள் கழித்து "இன்னும் பகிர்கிறீர்கள்" என்ற நினைவூட்டல் வருகிறதா என்பதைப் பாருங்கள். காவடி நாளில் காலையில் தொடங்கிய பகிர்வு ஆறு மாதம் கழித்தும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்த உறவினர்கள் எனக்கு இருவர் உண்டு.

நிறுத்துவதன் சமூகச் சுமை தொடுதல்களின் எண்ணிக்கையில் அகப்படாது. நம் வீடுகளில் மருமகள் ஒருத்தி பகிர்வை நிறுத்தியதும் மாமியாரின் கைபேசியில் "அவர் நிறுத்திவிட்டார்" என்று மணி ஒலித்தால், பொத்தான் எவ்வளவு பெரிதாக இருந்தும் அவள் அதை அழுத்த மாட்டாள். 2009-இல் தொடங்கி 2013-இல் மூடப்பட்ட கூகுள் லாட்டிட்யூடில், இடத்தைக் கையாலேயே குறித்துக்கொள்ளவும், குறிப்பிட்ட நண்பருக்கு ஊர் அளவில் மட்டும் காட்டவும், முற்றாக மறைந்துகொள்ளவும் வழியிருந்தது. அதற்குப் பின் வந்த பல செயலிகள் இத்தனை படிகளை வைப்பதில்லை என்பது என் வருத்தம். நீங்கள் மதிப்பிடும் செயலியில் ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எழுதுங்கள்.

இதனோடு சேர்த்துச் செய்ய வேண்டிய சற்றுக் கசப்பான சோதனை ஒன்று உண்டு. பூட்டுத் திறந்த கைபேசியை நண்பரிடம் கொடுத்து, ஒரு நிமிடத்துக்குள் உங்களுக்குத் தெரியாமல் பகிர்வை இயக்கச் சொல்லுங்கள். பிறகு கைபேசியை வாங்கி வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். எத்தனை மணி நேரத்தில், எந்த அடையாளத்தால் நீங்கள் கண்டுபிடித்தீர்கள்? அடையாளமே இல்லையென்றால் அந்தக் குறை, மற்ற எல்லா நிறைகளையும் விழுங்கிவிடும்.

மொரிசியசின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 ஜனவரி 15 முதல் நடப்பிலிருக்கிறது. அளித்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமையை அது தருகிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தரவுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தில் இருக்கும் உரிமை திரையில் எந்த இடத்தில் பொத்தானாக மாறியிருக்கிறது என்று தேடுவது மதிப்பீட்டாளரின் வேலை.

வெயில், விரல், மொழி

இவை எளிதில் அளக்கக்கூடியவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலாவது ஒளி மாறுபாடு வேண்டும்; தொடும் இடம் ஐஃபோனில் 44 புள்ளி (pt என்ற திரை அளவு), ஆண்ட்ராய்டில் 48 அலகு (dp என்ற திரை அளவு) அகலமாவது வேண்டும். ஜனவரி வெயிலில் கோயில் வாசலில் நின்று திரையைப் பாருங்கள். அறைக்குள் அழகாகத் தெரிந்த வெளிர்நீலம் அங்கே காணாமல் போகும். எழுத்தளவைக் கைபேசியின் அமைப்பில் மிகப் பெரியதாக்கிவிட்டு, பெயர்கள் பொத்தானுக்கு வெளியே வழிகின்றனவா என்று பாருங்கள்.

மொழியைப் பற்றி இரண்டு வாக்கியம் கூடுதலாகவே வேண்டும். எங்கள் குடும்பத்தில் பேச்சு கிரியோல், பள்ளிப் படிப்பு ஆங்கிலமும் பிரெஞ்சும், பெயரும் வழிபாடும் தமிழ். ஆகவே செயலியின் பொத்தான்கள் பிரெஞ்சில் இருந்தாலும், குழுவின் பெயரைத் தமிழில் எழுத முடிய வேண்டும். எழுதினால் கொம்பும் காலும் உடையாமல், வரைபடப் புள்ளியின் சிறு வட்டத்துக்குள் பாதி எழுத்து வெட்டுப்படாமல் தெரிய வேண்டும். பெயரின் முதலெழுத்தை மட்டும் எடுத்துப் புள்ளியில் பொறிக்கும் செயலிகள் "கோ"வை வெட்டி வெறும் "க" ஆக்கிவிடுவதுண்டு. சிறு பரப்பில் எழுத்தின் இடமும் வரிசையும் அற்ப விஷயமல்ல என்பதை எங்கள் ரூபாய் நோட்டு கற்பித்திருக்கிறது: 1998-இல் வந்த நோட்டுகளில் தமிழின் வரிசை மாறியதற்கு எழுந்த எதிர்ப்பால், ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் வருமாறு அவை மறுபடி அச்சிடப்பட்டன.

இணைப்புத் தளரும் நாள்

சூறாவளி எச்சரிக்கை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை ஏறும் நாட்களில்தான் குடும்பத்தினர் ஒருவரையொருவர் அதிகம் தேடுகிறார்கள். இணைப்பும் மின்சாரமும் அப்போதுதான் தளர்கின்றன. 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்தபோது போர்ட் லூயிசின் சாலைகளில் வண்டிகள் வெள்ளத்தில் மிதந்தன. 2013 மார்ச் 30-இல் அதே நகரின் திடீர் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே பேட்டரி 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதும் இணைப்பு 2ஜி அளவுக்கு மெலியும்போதும் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்று தனியே சோதியுங்கள். வரைபடப் படம் இறங்காவிட்டாலும் "ரோஸ் ஹில், 4 நிமிடத்துக்கு முன்" என்று ஒரு வரி எழுத்தாவது வந்தால் போதும். அழகிய முப்பரிமாணக் கட்டடங்களுக்காக அந்த ஒரு வரியைக் காக்கவைக்கும் செயலிக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

ஆட்களை வைத்துச் சோதித்தல்

இதுவரை சொன்னது நீங்களே செய்யும் ஆய்வு. அடுத்து ஐந்து பேரை உட்காரவையுங்கள். ஐந்து பேரைக் கொண்டு ஏறக்குறைய 85 விழுக்காட்டுக் குறைகளைக் காணலாம் என்ற நீல்சனின் கணக்கு, ஐவரும் ஒரே வகைப் பயனர் என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. எங்கள் வீட்டில் பதினேழு வயதுப் பையனும் எழுபத்தெட்டு வயதுப் பாட்டியும் ஒரே வகையல்லர். ஆகவே முதியவர் மூவர், இளையவர் மூவர் என்று பிரித்துக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் ஆறு பணிகளையும் கதையாகச் சொல்லுங்கள். "பகிர்வை நிறுத்துங்கள்" என்று சொன்னால் அந்தச் சொல்லைத் திரையில் தேடிவிடுவார்கள். "பாட்டி, ஊர்வலம் முடிந்துவிட்டது, இனி நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உதவத் துடிக்கும் கையை மடியில் வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி.

மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லும்படி கேளுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு பணியும் முடிந்ததும், "இப்போது உங்களை யார் பார்க்க முடியும்?" என்று கேட்டு, விடையை மற்ற கைபேசியின் உண்மை நிலையோடு ஒப்பிடுங்கள். பணியைச் சரியாக முடித்தவரே இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லும் நேரம்தான் உங்கள் ஏட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டியது. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கூற்று வினாத்தாளையும் இறுதியில் கொடுக்கலாம். அது 100-க்கு ஓர் எண்ணைத் தரும், 68 என்பது சராசரி. ஆனால் அந்த எண் எளிமையைத்தான் அளக்கிறது. தம்மை யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் மகிழ்ச்சியாகப் பயன்படுத்துபவர் 90 கொடுத்துவிடுவார்.

குறைகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை கடுமை எண் தருவது வழக்கம்: 0 என்றால் குறையே அல்ல, 4 என்றால் வெளியிடுமுன் தீர்த்தேயாக வேண்டிய பெருங்கேடு. இதில் நான் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன். பார்ப்பவருக்குத் தொல்லை தரும் குறையை அதன் அளவிலேயே விட்டுவிடுகிறேன்; பார்க்கப்படுபவர் அறியாமல் வெளிப்படும் குறை, ஆயிரத்தில் ஒருமுறை நேர்ந்தாலும், 3-க்குக் கீழே இறங்க விடுவதில்லை. ஒவ்வொரு குறையோடும் திரைப்பிடிப்பு, நேரம், கைபேசியின் வகை, செயலியின் பதிப்பு எண் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பதிப்பு எண் மிகவும் தேவை. ஏனெனில் சென்ற ஆண்டு நாங்கள் தேர்ந்தெடுத்த செயலியின் நிறுத்தும் பொத்தான், ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு முதல் திரையிலிருந்து மூன்றாம் திரைக்குப் போய்விட்டது. பாட்டியின் கைபேசியில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, இந்த ஆண்டுக் கொடியேற்றத்துக்கு முன் ஆறு பணிகளையும் முதலிலிருந்து ஓட்டத் தொடங்கியிருக்கிறோம்.